கட்டண நாளுக்கும் உதவித்தொகை நாளுக்கும் இடையில்

(அன்னை மீனாம்பாள் சிவராஜ் நினைவாக நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



அன்னை மீனாம்பாளைப் பற்றி நம் மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்திகள் சில உண்டு. 1904இல் ரங்கூனில் பிறந்தவர். வி.ஜி. வாசுதேவப் பிள்ளையின் மகள், என். சிவராஜின் துணைவியார். பட்டியல் சாதியினர் சம்மேளனத்தை முன்னின்று நடத்தியவர். 1938 பெண்கள் மாநாட்டில் பங்கெடுத்தவர். இந்த வரிசையில் இன்னொன்றும் வரும்: சென்னைப் பல்கலைக்கழக செனட் உறுப்பினர். அதைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். இன்று நான் அந்த வரியில் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன்.

பல்கலைக்கழகத்தின் கணக்கையும் ஆண்டறிக்கையையும் மேசைமேல் வைத்துக் கேள்வி கேட்கிற அவை செனட். 1857இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. நம் ஆட்கள் அதன் வளாகத்துக்குள் நுழைந்ததே பெரிய காரியம் என்றிருந்த காலத்தில், ஒரு தலித் பெண் அந்த அவையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். விண்ணப்பத்தோடு வாசலில் நின்றவராக இல்லை, உறுப்பினராக. உயர்கல்வியைச் சீர்திருத்துகிறோம் என்று கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை நம்மை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பி மறுபடியும் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

ஜன்னல் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது நான் படித்த கல்லூரியின் ஜன்னல். பெயர் வேண்டாம், இன்றைக்கும் நடக்கிற கல்லூரிதான். அரசு உதவிபெறும் கல்லூரி. ஆனால் எனக்குக் கிடைத்தது மதியம் நடக்கும் சுயநிதிப் பிரிவில். ஷிப்ட் டூ. காலையில் அதே வகுப்பறையில் அதே பெஞ்சில் உட்கார்ந்தவர்களைப்போலப் பல மடங்கு கட்டணம். காலையில் வருகிற பேராசிரியருக்கு அரசு சம்பளம், மதியம் வருகிறவருக்கு நிர்வாகம் கொடுப்பதுதான். பெஞ்சில் காலைக்காரர்கள் எழுதிவைத்த பெயர்கள் இருக்கும். நாங்களும் எங்கள் பங்குக்கு எழுதுவோம்.

முதலாண்டு இரண்டாம் பருவத் தேர்வுக்கு முன்னால் ஆபீஸ் கிளார்க் வகுப்புக்கு வந்தார். "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எந்திரிங்க" என்றார். பதினோரு பேர் எழுந்தோம். அதுவரை யார் யார் என்று வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்துவிட்டது. உதவித்தொகை இன்னும் வரவில்லை, கையிலிருந்து கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்றார். மறுநாள் அப்பா வந்தார். அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்று, "பணம் கவர்மெண்டுல இருந்து வந்துடும்னு சொல்றாங்களேய்யா" என்றார். "வரும்பா, எப்ப வரும்னு எனக்குத் தெரியுமா? வந்ததும் திருப்பி வாங்கிக்கோ. இப்பக் கட்டு" என்றார் கிளார்க். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கு மேலே இருந்தவர்கள் சொன்னதைச் சொன்னார். அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. உதவித்தொகை வந்தபோது நான் இரண்டாம் ஆண்டில் இருந்தேன். வந்தது மாதாந்திரப் படியும் கட்டணத்தில் ஒரு பகுதியும்தான். தோடு திரும்பவில்லை, வட்டியில் மூழ்கிவிட்டது.

பின்னால் முதுகலையில் சமூகவியல் படித்தபோது நிறையக் கோட்பாடுகளைக் கற்றுக்கொடுத்தார்கள். எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரே கேள்விதான். கட்டணம் கட்ட வேண்டிய நாள் ஒன்று. உதவித்தொகை வரும் நாள் இன்னொன்று. நடுவில் உள்ள மாதங்களுக்கான வட்டியை யார் கட்டுகிறார்கள்? கல்லூரி கட்டவில்லை, அரசு கட்டவில்லை. என் அம்மாவின் காது கட்டியது.

இந்த உதவித்தொகை யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தது அல்ல. 1942இல் வைஸ்ராய் லின்லித்கோவிடம் அண்ணல் அம்பேத்கர் பட்டியல் சாதியினரின் குறைகளை எழுதிக் கொடுத்தார். உயர்கல்விக்கு அரசுப் பணம் வேண்டும் என்பது அதில் முக்கியமான கோரிக்கை. 1944இல் திட்டம் தொடங்கியது. அந்தக் காலத்தில் கல்லூரி பெரும்பாலும் அரசுப் பணத்தில் நடந்தது, கட்டணம் குறைவு. மாணவன் தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் புத்தகத்துக்கும் கொடுத்தால் பெரிய பாரம் இறங்கியது. கல்லூரியே கட்டணத்தை நம்பி நடக்கத் தொடங்கியதும் இதே உதவித்தொகையின் வேலை மாறிவிட்டது. அது தனியார் கல்லூரியின் வரவுக் கணக்கில் ஒரு வரி ஆயிற்று. அந்த வரிக்குப் பணம் வந்து சேர்கிறவரை பிணையாக நிற்கிறவர் மாணவர்.

தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது 1984இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில். அதற்குப் பிறகு நீதிமன்றங்களில் நடந்த நீண்ட கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இலவச இடம், கட்டண இடம் என்று பிரித்து ஒரு கட்டுப்பாடு வைத்தது. 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்வு அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டது. கல்வி நிறுவனம் நடத்துவதும் ஒரு தொழில், நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம் என்றது. 2005இல் இனாம்தார் வழக்கில், அரசு உதவி பெறாத தனியார் நிறுவனத்தின்மேல் இடஒதுக்கீட்டைத் திணிக்க முடியாது என்றது. அதற்குப் பதிலாக நாடாளுமன்றம் 93ஆவது திருத்தத்தின் மூலம் அரசியல் சாசனத்தில் 15(5)ஐச் சேர்த்தது. 2014இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றமே அது செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனால் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கு 2006இல் சட்டம் போட்ட நாடாளுமன்றம், தனியார் உயர்கல்வி நிறுவனங்களுக்கு அப்படி ஒரு சட்டம் கொண்டுவரவில்லை. 2025இல் கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 2006இலேயே மாநிலச் சட்டம் வந்தது, அது நம் போராட்டங்களின் பலன். ஆனாலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் வாசலுக்குள் 69 விழுக்காடு நடைமுறையில் நுழைவதில்லை.

இந்த இடத்தில் நம்மவர்களே கேட்கும் ஒரு கேள்விக்கு வருகிறேன். தாராளமயத்தை தலித்துகளுக்கான வாய்ப்பாகப் பார்த்தவர்கள் நம்மிடையே உண்டு, சந்திரபான் பிரசாத்தைப்போல. சாதி பார்க்கும் பழைய கல்லூரியைவிடக் காசு பார்க்கும் புதிய கல்லூரி மேல் அல்லவா என்று கேட்கிறார்கள். இதைச் சட்டென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 2012இல் ஆதிதிராவிடர் நலத்துறையின் 92ஆம் எண் அரசாணை வந்தது. சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி, மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. என் சித்தப்பா மகன் அந்த ஆணையால் பொறியியல் படித்தான். எங்கள் தெருவில் முதல் இன்ஜினியர். அந்த நாளில் தனியார் கல்லூரிகளின் ஆட்கள் ஆண்டுதோறும் நம் தெருக்களுக்கு வந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். நாங்கள் வியப்பாகப் பார்த்தோம். ஊருக்குள்ளிருந்து யாரும் அப்படி வந்து குடித்ததில்லை.

ஆனால் அவர்கள் தேடி வந்தது காலியாகக் கிடந்த இடங்களை நிரப்ப. அரசிடமிருந்து பணம் ஒழுங்காக வரும் என்கிற வரைக்கும் வந்தார்கள். நிலுவை ஏறத் தொடங்கியதும் திண்ணைக்கு வந்த அதே ஆள் போனில் வேறு குரலில் பேசினார். 2018இல் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், நிர்வாக ஒதுக்கீட்டிலும் ஸ்பாட் அட்மிஷனிலும் சேர்ந்தவர்களுக்கு உதவித்தொகை கிடையாது என்றது. தெருவுக்கு வந்து ஆள் பிடித்துச் சேர்த்ததில் பெரும்பகுதி அந்த ஒதுக்கீட்டில்தானே? சேர்த்துவிட்டவர் கமிஷனோடு போய்விட்டார். பிள்ளைகளின் ஒரிஜினல் சான்றிதழ்கள் கல்லூரி பீரோவில் இருந்தன. சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அதே 2018இல் தெளிவாக அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பின் நகலோடு நாங்கள் எத்தனை கல்லூரி ஆபீஸ்களில் ஏறி இறங்கினோம் என்பதை இங்கே முன்வரிசையில் இருக்கும் தோழர்கள் சொல்வார்கள்.

பணம் ஏன் தாமதமானது? அலுவலகச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை. இந்தத் திட்டத்தில் ஒரு வினோதமான கணக்கு இருந்தது. ஓர் ஐந்தாண்டுத் திட்டத்தின் கடைசி ஆண்டில் மாநிலத்தில் எவ்வளவு செலவானதோ, அந்தத் தொகையை அடுத்த திட்டக்காலம் முழுவதும் ஆண்டுதோறும் மாநிலமே ஏற்க வேண்டும். அதற்கு மேல் ஆவதைத்தான் ஒன்றிய அரசு தரும். அதிகமான தலித் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய மாநிலத்துக்கு அதிகச் சுமை என்பதுதான் இதன் பொருள். 2017க்குப் பிறகு ஒன்றியத்தின் பங்கு மிகவும் சுருங்கியது. பஞ்சாபில் கல்லூரிகள் சான்றிதழை நிறுத்திவைத்து, பட்டியல் சாதியினர் ஆணையம் தலையிட வேண்டியதாயிற்று. தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் இந்தத் திட்டத்தை ஆய்வு செய்த தலைமைக் கணக்குத் தணிக்கையரின் 2018 அறிக்கையும் தாமதத்தைப் பதிவு செய்தது.

2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை இந்தக் கணக்கை மாற்றியது. ஒன்றியம் 60, மாநிலம் 40. ஐந்து ஆண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய், அதில் ஒன்றியத்தின் பங்கு 35,534 கோடி. நாடெங்கும் தலித் அமைப்புகள் குரல் கொடுத்ததன் பலன் இது, வரவேற்றோம். கூடவே, ஒன்றியத்தின் பங்கு நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்குப் போகும் என்றும், மாநிலம் தன் பங்கைச் செலுத்திய பிறகே போகும் என்றும் விதி வந்தது. உண்மையைச் சொன்னால், நேரடிப் பணம் வேண்டும் என்று நாமும்தான் கேட்டோம். இல்லாத மாணவர் பெயரில் பணம் எடுத்த நிர்வாகங்களைப் பார்த்து வெறுத்துப்போய்க் கேட்டோம். கிடைத்த பிறகுதான் அதன் மறுபக்கம் தெரிகிறது. முன்பு அரசுக்கும் கல்லூரிக்கும் இடையே இருந்த பாக்கி இப்போது கல்லூரிக்கும் மாணவிக்கும் இடையேயான பாக்கி ஆகிவிட்டது. ஆதார் இணையவில்லை, கணக்கு முடங்கிவிட்டது, பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்றால் அதற்கும் பதில் சொல்ல வேண்டியவள் அவள்.

கல்லூரிகள் எல்லாமே கொள்ளைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. 2025இல் தெலங்கானாவில் கட்டண நிலுவை கேட்டுத் தனியார் கல்லூரிகளே கதவடைப்பு நடத்தின. சின்னக் கல்லூரிக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆனால் நிர்வாகத்துக்குச் சங்கம் இருக்கிறது, கதவை மூடிப் பேரம் பேச முடிகிறது. பிள்ளைக்கு மூடுவதற்குக் கதவு இல்லை.

ஆராய்ச்சி மாணவர்களுக்கும் இதே கதைதான். ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று விட்டுச்சென்ற கடிதத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். தனக்கு ஏழு மாத ஃபெல்லோஷிப், ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய், வர வேண்டியிருக்கிறது என்று அதில் அவர் கணக்கு எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தில் நட்சத்திரங்களைப் பற்றி எழுதிய வரிகளைச் சுவரொட்டி ஆக்கினோம். இந்தக் கணக்கை அந்த அளவுக்குப் படிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. 2025இல் வெளிநாட்டு உயர்கல்விக்கான தேசிய உதவித்தொகைக்கு 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு நிதி இருந்தால் தருவோம் என்றார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் வகுப்பு தொடங்கும் தேதி இவர்களுக்காகக் காத்திருக்குமா?

சரி, இந்தத் தேதிகளை யார் எங்கே உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்? நாற்காலி விஷயத்துக்குத் திரும்புகிறேன்.

சீர்திருத்தக்காரர்களின் செல்லச் சொல் தன்னாட்சி. கேட்க நல்ல சொல். அமைச்சர் சொல்கிறபடி துணைவேந்தர் ஆடக் கூடாது என்றால் யார் மறுப்பார்கள்? ஆனால் 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு தரவாரியான தன்னாட்சி என்று விதி கொண்டுவந்து பல நிறுவனங்களுக்கு அதை வழங்கியபோது, புதிய துறையும் படிப்பும் தொடங்கலாம், அரசிடம் பணம் கேட்காமல் சுயநிதியில் தொடங்கிக்கொள் என்பதுதான் அதன் சாரம். நான் படித்த ஷிப்ட் டூவை இந்தியா முழுக்கக் கொண்டுபோகும் யோசனை. 2017இல் கனரா வங்கியோடு சேர்ந்து ஹெஃபா என்ற கடன் நிறுவனத்தை ஒன்றிய அரசு தொடங்கியது. மானியமாகக் கொடுத்ததைக் கடனாகக் கொடுக்க. தொடக்க ஏற்பாட்டின்படி அசலை நிறுவனம் தன் சொந்த வருமானத்திலிருந்து திருப்ப வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்துக்குச் சொந்த வருமானம் என்றால் முதலில் கட்டணம்தான்.

2020இன் தேசியக் கல்விக் கொள்கை சொல்வதையும் கேளுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஓர் ஆளுநர் குழுவால் நடத்தப்படும். தகுதியும் திறமையும் ஈடுபாடும் கொண்ட சிலர் அதில் இருப்பார்கள். புதிய உறுப்பினர்களை அடையாளம் காண அந்தக் குழுவே ஒரு நிபுணர் குழுவை அமைக்கும், அந்தக் குழுவே தேர்ந்தெடுக்கும். இருப்பவர்களே வருகிறவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள் என்கிற ஏற்பாடு நம் ஊர்க் கோயில் கமிட்டியை விசாரித்தவர்களுக்குப் புதிதல்ல. பழைய செனட் புனிதமான இடம் என்று நான் சொல்லவில்லை. ஆதிக்க சாதிகளின் கோட்டையாகவே அது நெடுங்காலம் இருந்தது. ஆனாலும் அதற்குத் தேர்தல் என்றும் நியமனம் என்றும் வெளியிலிருந்து சில வாசல்கள் இருந்தன. மீனாம்பாள் உள்ளே போக முடிந்தது அதனால்தான். புதிய குழுவுக்கு வெளியிலிருந்து வாசலே இல்லை.

இது டெல்லியின் வேலை, நாம் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2025 அக்டோபரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் தனியார் பல்கலைக்கழகத் திருத்த மசோதா நிறைவேறியது. நிலத்தின் அளவைக் குறைத்து, அரசு உதவிபெறும் கல்லூரிகளும் தனியார் பல்கலைக்கழகமாக மாற வழி செய்த மசோதா. ஆசிரியர் சங்கங்களும் மாணவர்களும் எதிர்த்த பிறகு, மறு ஆய்வு செய்கிறோம் என்று அரசு பின்வாங்கியது. சமூக நீதி பேசும் அரசு, அதை ஆதரிக்கும் நாம், இரண்டு பேருமே யோசிக்க வேண்டிய இடம் இது. உதவிபெறும் கல்லூரியின் ஆசிரியர் சம்பளத்தைப் பல பத்தாண்டுகளாக மக்கள் வரிப்பணம் கொடுத்திருக்கிறது. இட ஒதுக்கீடும் குறைந்த கட்டணமும் அங்கே இருப்பது அதனால்தான். அந்தக் கல்லூரி ஒருநாள் காலையில் பல்கலைக்கழகம் என்று பலகை மாட்டிக்கொண்டால் ஷிப்ட் ஒன்றும் ஷிப்ட் டூ ஆகிவிடும். நம் பிள்ளை ஒண்டுவதற்கு இருக்கும் காலை நேரப் பெஞ்சும் போய்விடும். மறு ஆய்வுக்கு என்று போனது வேறு பெயரில் திரும்பி வராது என்று சொல்ல என்னால் முடியாது.

என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைப் படிவத்தைப் பார்த்திருக்கிறீர்களா? எத்தனை மாணவர்களுக்குக் கட்டணம் முழுமையாக ஈடு செய்யப்பட்டது, அரசு கொடுத்தது எத்தனை பேருக்கு, நிறுவனம் கொடுத்தது எத்தனை பேருக்கு என்ற கட்டங்கள் அதில் இருக்கின்றன. பணம் எந்தத் தேதியில் வந்தது, அதுவரை எத்தனை பேரின் ஹால் டிக்கெட் நிறுத்தப்பட்டது என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை. எங்கள் பதினோரு பேரையும் அந்தப் படிவம் வெற்றிக் கணக்கில்தான் எழுதியிருக்கும். அதில் இரண்டு பேர் அந்தப் பருவத்தோடு நின்றுவிட்டார்கள்.

இங்கிருக்கும் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 2021 வழிகாட்டுதலில் ஃப்ரீஷிப் கார்டு என்று ஒன்று இருக்கிறது. அது இருந்தால் முன்பணம் கட்டாமல் கல்லூரியில் சேரலாம், உதவித்தொகை கணக்குக்கு வந்த பிறகு கட்டினால் போதும். அதைக் கையில் வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள். (கை தூக்கியவர்கள் மிகச் சிலர்.) அதைப் பற்றிக் கல்லூரி சொல்லிக் கேள்விப்பட்டவர்கள்? (அவர்களும் மிகச் சிலர்.) சரி.

நாம் கேட்க வேண்டியதை எளிமையாகவே கேட்கலாம். உதவித்தொகைக்குத் தகுதியுள்ள மாணவரிடம் பணம் வருமுன் கட்டணம் கேட்பது தண்டனைக்குரியது ஆக வேண்டும். தாமதமானால் வட்டியை அரசு கட்ட வேண்டும், ஒப்பந்தக்காரர்கள் பில்லுக்கு வட்டி கேட்பதுபோல. கட்டணம் நிர்ணயிக்கும் குழுவிலும், கல்லூரியின் ஆட்சிக் குழுவிலும், உதவித்தொகை பெறும் மாணவர்களின் பிரதிநிதி ஓட்டுரிமையோடு உட்கார வேண்டும். சிறப்பு அழைப்பாளர் என்று ஓரத்தில் ஒரு நாற்காலி போடுவதைச் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் நம்மிடம் ஆதாரம் வேண்டும். அமைச்சரைப் பார்க்கப் போனால் அதிகாரிகள் பைலோடு வருகிறார்கள், நாம் கண்ணீரோடு போகிறோம். அதனால் மண்டபத்து வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு மேசையும் நீளமான நோட்டும் வைத்திருக்கிறோம். உங்கள் படிப்பு, எந்த ஆண்டு, கட்டணம் கட்டச் சொன்ன தேதி, உதவித்தொகை வந்த தேதி, நடுவில் யாரிடம் எவ்வளவு வட்டிக்கு வாங்கினீர்கள், எதை அடகு வைத்தீர்கள். இவ்வளவுதான் அதில் கட்டங்கள். பெயர் எழுத வேண்டாம். படித்து முடித்து இருபது வருடம் ஆனவர்களும் எழுதலாம். முதல் வரியை நான் எழுதியிருக்கிறேன். பேனா கட்டியிருக்கிறது, எடுத்துப் போய்விடாதீர்கள்.